நாலு பேர் அறிய

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட வேண்டும் என்று ஊரில் அப்பா நிற்கிறார். செலவு இரண்டு லட்சத்தைத் தொடும். குழந்தையின் தாய்மாமன் கத்தாரில் இருக்கிறார். "கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் கூட்டம் கூட்டிக் கொண்டாடுவதில் உண்மையிலேயே ஆழமான பொருள் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் ஊருக்குக் காட்டத்தானா?"

ஊருக்குக் காட்டத்தான். ஆழமான பொருளும் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் பதில். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பேச்சில் 'நாலு பேர்' என்று ஒரு சொல் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் அறியக் கல்யாணம் பண்ணு, நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடு. யார் அந்த நாலு பேர் என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் தூக்குவதற்கும் நாலு பேர்தான் வேண்டும். எங்கள் அப்பத்தா யாரையாவது திட்டும்போது, "இப்படியே இரு, தூக்க நாலு பேர் வரமாட்டான்" என்பார். அது வசவு மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு. வாழ்நாள் முழுக்க நாலு பேரைச் சேர்த்து வைக்கிற வேலைக்குத்தான் நாம் விசேஷம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதலில் ஒரு எளிய விஷயம். வாழ்க்கையின் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் உடம்பில் தெரியாது. தாலி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இருந்த அதே ஆள்தான் ஒரு மணி நேரம் கழித்தும் இருக்கிறான். அறுபது வயது முடிந்த மறுநாள் காலையில் முழங்கால் வலி முந்தைய நாள் இருந்த அளவுக்குத்தான் இருக்கும். அப்பா இறந்தபின் மூத்த மகன் குடும்பத்தலைவன் ஆகிறான் என்றால், எந்த நிமிடத்தில் ஆகிறான்? இயற்கை இதற்கெல்லாம் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. மனிதர்கள்தான் போட்டுக்கொள்கிறார்கள். போட்ட கோட்டை மற்றவர்களும் ஒப்புக்கொண்டால்தான் அது கோடு. நானே என் மனதுக்குள் "இன்றுமுதல் நான் கணவன்" என்று நினைத்துக்கொண்டால் யாருக்கு என்ன?

1909-ல் ஆர்னால்ட் வான் ஜெனெப் என்ற மானுடவியலாளர் இதைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதினார். சமூகம் பல அறைகள் கொண்ட வீடு மாதிரி. மனிதன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போதெல்லாம் மூன்று கட்டம் நடக்கிறது என்றார். பழைய இடத்திலிருந்து பிரிப்பது, இரண்டுக்கும் நடுவே வாசல்படியில் நிறுத்தி வைப்பது, புதிய இடத்தில் சேர்ப்பது. உலகம் முழுக்கச் சடங்குகளை அடுக்கிப் பார்த்து அவர் கண்ட வடிவம் இது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். காப்புக் கட்டிய மாப்பிள்ளையை ஊர் எல்லை தாண்ட விடமாட்டார்கள். வாசல்படியில் நிற்க வைத்து ஆரத்தி எடுக்காமல் புதுப்பெண்ணை உள்ளே விடமாட்டார்கள். "வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்ற குரல் கேட்கும்வரை அவள் எந்த வீட்டுப் பெண்ணும் இல்லை. அந்த அரை நிமிடம் அவள் படியில்தான் இருக்கிறாள்.

இப்போது உங்கள் காதுகுத்துக்கு வருகிறேன். குலதெய்வம் யாருடையது? உங்களுடையது, அதாவது அப்பா வழி. அந்தச் சாமி முன்னால் முடி இறக்கும்போது பங்காளிகள் எல்லோரும் இந்தக் குழந்தையைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் காது குத்தும்போது குழந்தையை யார் மடியில் உட்கார வைக்கிறோம்? தாய்மாமன் மடியில், அதாவது அம்மா வழியில். தோடு, புதுத்துணி, சீர்த்தட்டு எல்லாம் அவர் கொண்டுவர வேண்டும். ஆக, சாமி அப்பாவுடையது, மடி அம்மாவுடையது. கல்யாணத்தில் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் ஒரு குழந்தையின் மேல் மறுபடி கையெழுத்துப் போடுகிற நாள் இது. ஊசி குத்தும்போது குழந்தை அலறும். அலறி யாரைக் கட்டிப்பிடிக்கும்? மடியில் வைத்திருக்கிற மாமனைத்தான். நாளைக்கு அப்பனுக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டால் அவள் போன் போடப்போவதும் பெரும்பாலும் அவருக்குத்தான். இதை யாராவது உட்கார்ந்து யோசித்து வடிவமைத்தார்களா என்று தெரியாது. ஆனால் வடிவமைத்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்காது. கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் காது குத்தலாம்தான். அதில் காது மட்டும்தான் குத்தப்படும்.

குழந்தைக்கான விசேஷங்களில் இன்னொரு பொருளும் இருந்தது. அதை நாம் இப்போது மறந்துவிட்டோம். குழந்தை பிழைத்துவிட்டது என்று சொல்வது. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இங்கே பிறந்த ஆறேழு குழந்தைகளில் ஒன்று முதல் ஆண்டு முடிவதற்குள் இறந்துகொண்டிருந்தது. அதனால்தான் பெயர் வைக்க அவசரப்படவில்லை, தொட்டிலில் போட நாள் பார்த்தார்கள். குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று எமன் திரும்பிப் பார்க்காத பெயராக வைத்தார்கள். கொரியர்கள் நூறாம் நாளைக் கொண்டாடுவதும் இதே கணக்கில்தான். பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாருங்கள்: பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. தவழ்வதற்கும் முத்தம் கேட்பதற்கும் அம்புலியைக் கூப்பிடுவதற்கும் முன்னால், குழந்தையைக் காக்கச் சொல்லித் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். பிறகுதான் கொஞ்சல்.

பிறந்தநாளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் கேக் வெட்டுகிற பிறந்தநாள் நமக்குப் புதுசு. எங்கள் அப்பா தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் தோதாக ஒரு தேதியை எழுதினார். ஒரு தலைமுறையே மே, ஜூன் மாதங்களில் பிறந்ததற்குக் காரணம் இதுதான். நட்சத்திரம் தெரிந்தவர்கள் அன்றைக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். மற்றவர்களுக்கு வயது, "பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தவன்" என்ற கணக்கு.

வளைகாப்பு அப்படியல்ல. அது பழைய பயத்தின் மேல் கட்டப்பட்டது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, கர்ப்பிணியை நடுவில் உட்கார வைத்துச் சந்தனம் பூசி வளையல் போடுகிறவர்கள் யார்? பெற்றுப் பிழைத்தவர்கள். அவர்கள் வரிசையாக வந்து அவள் கன்னத்தைத் தொடும்போது வாயால் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள்: நாங்கள் போய்த் திரும்பி வந்தோம், நீயும் வருவாய். புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று அவளுக்குப் பிடித்ததை ஆக்கிப் போட்டு, முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாமியார் வீடு அம்மா வீட்டிடம் பெண்ணை ஒப்படைக்கிற நாளும் அதுதான். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதை ஊர் பார்க்கச் செய்கிற ஏற்பாடு. தமிழ்நாடு அரசு அங்கன்வாடிகள் வழியாகச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. மருத்துவப் பரிசோதனைக்கும் சத்துணவுக்கும் பெண்களை வரவழைக்க ஒரு வளையல் தட்டைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது என்று யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி கண்டுபிடித்திருக்கிறார். (வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, பலூனை உடைத்து நீலமா இளஞ்சிவப்பா என்று காட்டும் விழாவுக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: பிறக்கும் முன் பாலினம் சொல்வது 1994 சட்டப்படி இங்கே குற்றம்.)

கல்யாணத்துக்கு வருவோம். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு மலைபோல் கிடக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை. மகனைப் பெற்ற பெண்கள் "நால்வர் கூடி" மணமகளை நீராட்டுகிறார்கள். தீ இல்லை, மந்திரம் ஓதுகிற ஆள் இல்லை, தாலியைப் பற்றிப் பேச்சு இல்லை. சோறு, பந்தல், நாலு பெண்கள். நாலு என்ற எண் அப்போதே வந்துவிட்டது பாருங்கள்.

தொல்காப்பியம் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப." கூடிய பிறகு "இவளை நான் அறியேன்" என்று ஆண்கள் பொய் சொல்லத் தொடங்கினார்கள், நடந்துகொண்டதிலிருந்து வழுவினார்கள், அதன் பின்னால்தான் பெரியவர்கள் கல்யாணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது அதன் பொருள். இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. தெய்வீகம், புனிதம் என்று எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்ல முடியாதபடி சாட்சி வை என்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணத்தில் நாம் செய்கிற பலவும் சாட்சிகளை விழிப்பாக வைத்திருக்கும் உத்திதான். கெட்டிமேளம் எதற்கு என்றால் அபசகுனச் சத்தம் காதில் விழாமல் இருக்க என்பார்கள். இருக்கட்டும். பந்தியில் இடம் பிடிக்கப் போனவர், பின்வரிசையில் நிலத் தகராறு பேசிக்கொண்டிருப்பவர், குழந்தைக்குப் பால் கொடுப்பவர் எல்லோரையும் ஒரே நொடியில் மேடைப் பக்கம் திருப்புவதும் அந்தச் சத்தம்தான். அட்சதையை ஏன் எல்லார் கையிலும் கொடுக்கிறார்கள்? சும்மா பார்த்தவன் பின்னாளில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். அரிசி தூவிய கை அப்படிச் சொல்ல முடியாது.

சுயமரியாதைத் திருமணம் இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆதாரம். புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம், ஏழடி வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்கள். அது செல்லாது என்று ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு அண்ணா ஆட்சியில், 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பின்னும் கழிக்க முடியாமல் நின்றது எது? ஆட்கள். தாலிக்குக்கூட 'அல்லது' உண்டு.

ஆனால் இங்கே நான் சொல்வதற்கு எதிரான ஒரு நியாயமும் இருக்கிறது. வழக்கறிஞர் அறைக்குள் ரகசியமாக நடக்கும் கல்யாணம் சுயமரியாதைத் திருமணம் ஆகாது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் பயந்து நிற்கும் ஜோடியிடம் ஊரறிய அறிவித்துக் கல்யாணம் செய் என்று கேட்க முடியாது என்றது. சரிதானே. சாதி மாறிக் கட்டினால் வெட்டுகிற கூட்டமும் அதே 'நாலு பேர்'தான். சாட்சி சொல்ல வரும் கைதான் அரிவாளும் எடுக்கிறது. ஊரைக் கூட்டுவதன் ஆழமான பொருளைப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் போனால் நான் நம்பமாட்டேன்.

அதே போலத்தான் யார் நிற்கலாம், யார் ஒதுங்க வேண்டும் என்பதும். எங்கள் அத்தை ஒருவர் முப்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். ஒவ்வொரு விசேஷத்திலும் சமையல்கட்டு முழுக்க அவர் தலையில்தான் நடக்கும். முகூர்த்த நேரத்தில் மட்டும் அவர் தூண் மறைவுக்குப் போய்விடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானே போவார். அவர் பார்த்து வளர்த்த பெண்ணின் வளைகாப்பில் அவர் வளையல் போடவில்லை. பிள்ளை இல்லாதவர்களை வளைகாப்புக்குக் கூப்பிடாத வீடுகளும் உண்டு. கோடு போடுகிற எந்தச் சடங்கும் யாரையாவது கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. என் தங்கை தன் மகள் வளைகாப்பில் முதல் வளையலை அத்தை கையில் கொடுத்துப் போடச் சொன்னாள். அத்தை கை நடுங்கியது. இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான்.

பொருள் காலாவதியாகிவிட்ட சடங்கும் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு எனக்கு அப்படித்தான் படுகிறது. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி, பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, சீர் வைத்து ஊருக்குச் சொன்னதன் நேரடிப் பொருள், "எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது" என்பது. இன்று சட்டப்படி அவளுக்குக் கல்யாண வயது பதினெட்டு. ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை மேடையேற்றி, பஸ் நிலையம் வரை பிளக்ஸ் வைத்து, யாருக்கு எதை அறிவிக்கிறோம்? யாழ்ப்பாணத்தார் இதைச் சாமத்திய வீடு என்பார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் பெரிய மண்டபம் பிடித்துச் செய்கிறார்கள். புலம்பெயர்ந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் சொந்தம் கூட ஒரு சாக்கு வேண்டும் என்பது புரிகிறது. சாக்கு அந்தப் பிள்ளையாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் செலவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மொய்யைப் பேசாமல் முடியாது. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மொய் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் ஊர்ப்பெயர், பிறகு ஆள் பெயர், பிறகு தொகை. பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணிப் பித்தளைச் சட்டியில் போடுவார். அந்த நோட்டைப் பாதுகாக்கிற மாதிரி எங்கள் வீட்டில் நிலப் பத்திரத்தைக்கூடப் பாதுகாத்ததில்லை. 'மொய்' என்ற சொல்லுக்கே நெருக்கம், கூட்டம் என்று பொருள். ஈ மொய்க்கிறது என்கிறோமே, அந்த மொய்.

எங்கள் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது. செலவு குறைய நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். சில வருடத்துக்கு ஒரு முறைதான் ஒருவருக்கு முறை வரும். வந்த பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பிள்ளையைப் பொறியியல் படிக்க வைத்தவர்கள் ஏராளம். ஐந்நூறு வாங்கியிருந்தால் ஐந்நூறையும் மேலே கொஞ்சம் சேர்த்தும் திருப்பி வைக்க வேண்டும். வாங்கியதை மட்டும் திருப்பினால் உங்களோடு கணக்கு முடிந்தது என்று பொருள். கூட வைத்தால் உறவு தொடர்கிறது. கல்யாண மொய்யில் நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று வைக்கும் அந்த ஒற்றை ரூபாயிலும் கணக்கை முடிக்காமல் விடுகிற மனசுதான் இருக்கிறது.

எந்தச் சமூகத்திலும் பரிசு என்பது இலவசம் கிடையாது. கொடு, வாங்கு, திருப்பிக் கொடு என்ற மூன்று கடமைகள் அதற்குள் இருக்கின்றன என்று 1925-ல் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் இதைச் சாதாரணமாகச் சொல்வார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனபின், மொய் விருந்துகளின் வசூல் விழுந்தது. வாங்கினவர்களால் வைக்க முடியவில்லை. தென்னை விழுந்ததைச் சொல்லிப் புலம்பியவர்களைவிட, "மொய்யை வைக்க முடியலயே" என்று தலை குனிந்தவர்களை நான் அதிகம் பார்த்தேன். அந்த வெட்கம்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான அடமானம். மொய்க் கடனில் வீட்டை விற்றவர்களும் உண்டு. அதை அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்குப் பல தலைமுறையாக வங்கியாக இருந்தது இந்தப் பந்தல்தான். இப்போது லேப்டாப்பில் மொய் எழுதி ரசீது அச்சடித்துக் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நோட்டு மாறியிருக்கிறது.

சாஸ்திரம் எதுவும் இல்லாத இடத்திலும் மனிதர்கள் சடங்கை உண்டாக்கிக்கொள்வார்கள் என்பதற்குப் பணி நிறைவு விழாவைப் பாருங்கள். எந்த ஆகமத்திலும் அது இல்லை. ஆனால் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே முறைதான்: மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம், மனைவியையும் மேடையில் பக்கத்தில் உட்கார வைப்பது, திட்டினவர்களும் புகழ்வது. முடிந்ததும் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். சக ஊழியர்கள் வண்டியில் கூடவே போய், வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காபி குடித்துவிட்டு வருவார்கள். பிரிப்பது, நடுவில் நிறுத்துவது, சேர்ப்பது. வான் ஜெனெப் உயிரோடு இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருப்பார். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. அதனால் இப்போது பலருக்குப் பணி நிறைவும் அறுபதாம் கல்யாணமும் ஒரே வருடத்தில் வருகின்றன.

அறுபதின் கணக்கு அழகானது. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30. இரண்டும் பொருந்துவது அறுபதில். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளும் சுற்றி முடிந்து, நீங்கள் பிறந்த வருடத்தின் பெயர் திரும்ப வருகிறது. மறுபடி பிறந்த மாதிரி. எண்பதில் சதாபிஷேகம் என்பார்கள், ஆயிரம் பிறை கண்டவர் என்று. எண்பது வருடமும் ஏறத்தாழ பத்து மாதமும் ஆனால் பௌர்ணமிக் கணக்கு ஆயிரத்தைத் தொடும், போட்டுப் பாருங்கள். இந்த விசேஷங்களுக்கு எல்லோரும் போகிற இடம் மயிலாடுதுறை மாவட்டத்தின் திருக்கடையூர். அங்கே என்ன நடந்ததாகக் கதை? பதினாறு வயதில் சாக வேண்டிய மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப்பிடித்தான், பாசக்கயிறு வீசிய எமனைச் சிவன் காலால் உதைத்தார். சாவு தோற்ற இடத்தில் போய் நின்றுகொண்டுதான் தாத்தா பாட்டிக்குக் கல்யாணம் செய்து வைக்கிறோம். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், பாட்டி வெட்கப்படுவார், கலசத் தண்ணீரை ஊற்றும்போது குளிரும். மந்திரத்தில் கேட்பது முழுக்க ஆயுள்தான்.

சாவைக் கொண்டாட்டம் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். பேரன் பேத்தி எடுத்துப் போனால் நாம் அதைக் கல்யாணச் சாவு என்கிறோம். பறை உண்டு, வெடி உண்டு, பூப்பல்லக்கு உண்டு. "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப" என்று புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடினார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப்பட்ட உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கோபப்பட்டார் அவர். ஊருக்கு இரண்டு வீட்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. கருமாதி அன்று எங்கள் பக்கம் உருமா கட்டு என்று ஒன்று உண்டு. மகன் தலையில் துண்டைக் கட்டிவிடுவார்கள். முன்பு கேட்டேனே, எந்த நிமிடத்தில் அவன் குடும்பத்தலைவன் ஆகிறான் என்று, இந்த நிமிடத்தில்தான். என் அப்பாவின் கருமாதியில் என் தலையில் துண்டு இறுகியபோதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது. எரிக்கும்போது வரவில்லை.

கொரோனா காலம் இதையெல்லாம் ஒரு சோதனைச்சாலை மாதிரி காட்டியது. 2020 மே மாதத்தில் கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று அரசு வரம்பு வைத்தது. கல்யாண வீட்டார் பலர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்கள், கடன் மிச்சம். பிறகு வரவேற்பு வைத்துச் சரிக்கட்டியவர்களும் உண்டு. சாவு வீட்டார் நிலைமை வேறு. அப்பாவைக் கூட்டமில்லாமல் அனுப்பியவர்கள் இன்றைக்கும் அதை ஆற்றாமையோடுதான் சொல்கிறார்கள். "ஒரு மாலை போட ஆளில்லாமப் போனாரே." மகிழ்ச்சியை இரண்டு பேராகக்கூடக் கொண்டாடிவிடலாம் போல. துக்கத்துக்குத்தான் கண்டிப்பாக நாலு பேர் வேண்டியிருக்கிறது. அந்த நாலு பேர் திடீரென்று வரமாட்டார்கள். காதுகுத்தில் சாப்பிட்டவர்கள், கல்யாணத்தில் அரிசி தூவியவர்கள், மொய் நோட்டில் பெயர் இருப்பவர்கள்தான் வருவார்கள்.

இன்றைய விசேஷங்களில் எனக்கு இருக்கிற உறுத்தல் ஆடம்பரம் இல்லை. நம் ஆட்கள் என்றைக்குமே ஆடம்பரப் பிரியர்கள்தான். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நாலு கேமராக்காரர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. தாலி கட்டுகிற கையை வந்தவர்கள் எல்.இ.டி. திரையில் பார்க்கிறார்கள். "ஒன் மோர்" என்றால் மாப்பிள்ளை மறுபடி குங்குமம் வைக்கிறார். சாட்சிக்காக வந்தவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிட்டார்கள். படம் பிறகு எல்லோருக்கும் போகும், ஆனால் படத்தைப் பார்த்தவனுக்குக் கடமை எதுவும் கிடையாது.

ஆகவே உங்களுக்கு என் யோசனை. இரண்டு லட்சத்தில் பிளக்ஸ், டிரோன், மேடை அலங்காரம் இவற்றை அடித்துவிடுங்கள். மொட்டை, காதுகுத்து, கறிச்சோறு, பங்காளிகள், சம்பந்திகள். இதற்கு அதில் பாதி போதும், அப்பாவும் மறுக்கமாட்டார். மொய் வாங்குவதா வேண்டாமா என்பதை அப்பாவிடமே விடுங்கள். அவர் எத்தனை வீட்டில் வைத்திருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். தூண் மறைவில் நிற்கிற ஆள் உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால், முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். மரத்துப்போகிற களிம்பு தடவிக் குத்தச் சொல்லுங்கள், ஆசாரி கோபித்துக்கொள்ளமாட்டார். ஊசி புதுசா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்க்க ஜோசியரிடம் போவதற்கு முன்னால் கத்தாருக்கு ஒரு போன் போட்டு, உங்கள் மச்சினருக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். அதை வைத்து முகூர்த்தம் குறித்துக்கொள்ளலாம்.